மாத அறிக்கைப் படிவத்தை மாற்றுங்கள்: பப்புவா நியூ கினி மலைநாட்டுக்கு இளம் மிஷனெரிகளை அனுப்பும் சங்கங்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான நிர்வாகக் குழுவினருக்கு ஸ்தோத்திரம்.

நீங்கள் பணித்தளங்களுக்கு அனுப்பும் மாத அறிக்கைப் படிவம் மூன்று கேள்விகள் கேட்கிறது: கூட்டங்கள் எத்தனை, வீடு சந்திப்பு எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை. எங்கா மாகாணத்தில், சாலை முடிந்த இடத்திலிருந்து ஒரு நாள் நடந்தால் வரும் ஊரில் இருக்கும் இருபத்து நாலு வயதுப் பிள்ளைக்கு, முதல் ஆண்டில் இந்தக் கட்டங்களில் எழுத ஒன்றும் இருக்காது. இருக்கவும் கூடாது. எதையாவது நிரப்பியாக வேண்டுமே என்ற நெருக்கடியில் பாஷை வருமுன் பிரசங்கிக்கப் போகிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடத் தொடங்குகிறது.

முதல் ஆண்டின் வேலை பாஷை. நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. பொதுவாகப் புழங்குவது டோக் பிசின். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் தடுமாறும் இடம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது: ‘யுமி’ என்றால் நாம், ‘மிபெலா’ என்றால் நாங்கள். கர்த்தருடைய ஜெபம் அங்கே ‘பாப்பா பிலோங் மிபெலா’ என்றுதான் தொடங்கும். நாமும் ‘எங்கள் பிதாவே’ என்றுதானே சொல்கிறோம், ‘நம் பிதாவே’ என்பதில்லையே. ஆனால் வேறு குழிகள் உண்டு. ‘எம் இ டாய்’ என்று ஒருவர் ஓடிவந்து சொன்னால் ஆள் மயங்கி விழுந்திருக்கலாம். ‘டாய் பினிஸ்’ என்றால்தான் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். இந்த ஒரு சொல் புரியாமல் ரேடியோவில் தகவல் கொடுத்தால், விமானம் வர வேண்டிய நேரத்தில் இரங்கல் செய்தி போகும். டோக் பிசின் கைவந்த பிறகு எங்காவோ ஹூலியோ, அந்த ஊர்ப் பேச்சுக்குப் போக வேண்டும். அதற்கு அடுப்படியிலும் தோட்டத்திலும் உட்கார்ந்து கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ரேடியோ என்றதும் விமான ஓடுதளம். புல்தரை, ஒரு பக்கம் மேடு; விமானம் மேட்டை நோக்கி இறங்கி, சரிவை நோக்கிக் கிளம்பும். பகல் ஏற ஏற மேகம் மூடுவதால் காலையில்தான் விமானம் வரும். விடிந்ததும் மிஷனெரி ஓடுதளத்தை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். குதிகாலால் மிதித்துப் பார்த்து, மண் அமுங்கினால் அந்த இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். புல் உயர்ந்திருந்தால் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்; நனைந்திருந்தால் பிரேக் வழுக்கும். பன்றிகளை விரட்ட ஆள் நிறுத்த வேண்டும். பிறகு விமானியிடம் எந்த மலைமுகடு தெரிகிறது, எது மூடியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம், தரை ஈரமா என்று சொல்ல வேண்டும். ‘பரவாயில்லை, வாங்க’ என்பது அங்கே தகவலே ஆகாது. மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்று சொல்லும் துணிவு வேண்டும், ஏறப்போவது நம் மூட்டையாகவே இருந்தாலும். புல் வெட்டுவது நிலத்துக்காரர்கள். அவர்களோடு தானும் ‘சாரிப்’ கத்தியைப் பிடித்து ஒரு நாள் முழுக்க வெட்டினால், அது ஊழியம் இல்லை என்று உங்கள் படிவம் சொல்கிறது. நாங்கள் அதை ஊழியம் என்கிறோம்.

தண்ணீரும் அன்றாட வேலைதான். கூரையின் ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 400 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். முதலில் வரும் தண்ணீர் பறவை எச்சத்தோடு வரும். அதை வெளியே விட்டுவிட்டுத்தான் குழாயைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். தொட்டியின் வாய்க்குக் கொசுவலை கட்ட வேண்டும். அளவு பார்க்க, விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தால், சத்தம் மந்தமாகும் இடம் வரை தண்ணீர். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குடிநீரை மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடச் சொல்லுங்கள். பருப்பு குக்கர் இல்லாமல் சரியாக வேகாது. புத்தகப் பெட்டியில் இரண்டைக் குறைத்து, குக்கர் ரப்பர் இரண்டு வைத்து அனுப்புங்கள். விமானத்தில் ஆளையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள்.

அரிசி கடைச் சரக்கு. ஊர்ச் சாப்பாடு ‘கவ்கவ்’, நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. எங்காவில் அழுகும் புல்லை உள்ளே வைத்துப் பெரிய மண்மேடு கட்டி நடுகிறார்கள். அந்த மேடு குளிரிலிருந்தும் கொடியைக் காக்கும். ஆனாலும் 1972, 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் உறைபனி விழுந்து உயரமான ஊர்களின் தோட்டங்கள் கருகின. கொடியை நட்டால் கிழங்கு வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே பனி விழுந்த மாதத்தில் பிள்ளை உங்களுக்கு எழுதும் கடிதம் அரிசி கேட்டுத்தான் இருக்கும். அதை ஆவிக்குரிய பின்னடைவாக எண்ணாதீர்கள்.

பன்றி விருந்துக்குப் பிறகு ஒரு வாரம் கண் திறந்திருக்க வேண்டும். சூடான கற்களோடு குழியில் வேகும் ‘முமு’வில் கறி சரியாக வேகாவிட்டால், ‘பிக்பெல்’ என்னும் குடல் அழுகல் நோய் முக்கியமாகக் குழந்தைகளைப் பிடிக்கும். கறியில் உள்ள கிருமியின் நச்சைச் சிதைக்க வேண்டிய நொதியைச் சர்க்கரைவள்ளி தடுப்பதால், நச்சு குடலிலேயே தங்கிவிடுகிறது. வயிறு உப்பி, வலித்து, இரத்தமாகக் கழியும் குழந்தைக்கு வீட்டு மருந்து பார்க்காமல் உடனே ரேடியோவுக்குப் போக வேண்டும்.

இதைவிடக் கடினமானது ‘சங்குமா’, சூனியப் பழி. சாவு வீட்டு நாட்களில்தான் இது கிளம்பும். பெரும்பாலும் விதவையோ ஆதரவற்ற பெண்ணோ மாட்டுவாள். சூனியத்தையே குற்றமாக ஏற்றிருந்த சூனியச் சட்டம் 2013-இல் நீக்கப்பட்டது; ஆனாலும் கும்பல் சட்டப் புத்தகம் பார்த்து வருவதில்லை. இளம் மிஷனெரி தனியாகக் கும்பலின் நடுவே போய் நிற்கக் கூடாது. பேர் அடிபடத் தொடங்கும்போதே உள்ளூர்ப் போதகரையும் அந்தக் குலத்துப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். போலீசுக்கும் சொல்ல வேண்டும்.

அனுப்புவதற்கு விமானம் வேண்டும், விமானத்துக்குப் பணம் வேண்டும். உங்கள் விதிப்படி அவசரச் செலவுக்குச் செயலாளர், பொருளாளர் இருவர் ஒப்புதலும் தேவை. அங்கே காலை ஏழு மணி என்றால் சென்னையில் அதிகாலை இரண்டரை. அந்த நேரத்தில் யார் போன் எடுப்பார்கள்? ஒரு வாடகை விமானத்துக்கான தொகையை மலைநாட்டு நகரமான மவுண்ட் ஹாகனில் முன்கூட்டியே கட்டி வையுங்கள்; கேட்காமலே செலவழிக்கும் அதிகாரத்தைப் பணித்தளத்தில் இருப்பவருக்கு எழுத்தில் கொடுங்கள். புதிய படிவத்தில், இந்த மாதம் எந்த மொழியில் என்ன பேசக் கற்றார், ஓடுதளம் எந்த நிலையில் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். ஞானஸ்நானக் கட்டத்தை மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மலைநாட்டுப் பணித்தளங்களில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள்