42 கிராம் ஈஸ்ட்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் ஜெர்மனிக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ஸ்டோலன் என்ற உலர்பழ ரொட்டியின் செய்முறை போட்டிருந்தீர்கள். வருஷா வருஷம் அதே பிளம் கேக்கைப் போடாமல் விட்டதற்கே பாராட்டலாம். ஆனால் ஒரு கிலோ மைதாவுக்கு 42 கிராம் ஈஸ்ட் என்று அச்சாகியிருக்கிறதே, அதன்படி செய்தால் வீடே புளித்த வாடை அடிக்கும்.

அங்கே ஈஸ்ட்டை ஈரக் கட்டியாக விற்கிறார்கள். ஒரு கட்டி 42 கிராம். கீழமாசி வீதியில் நமக்குக் கிடைப்பது உலர்ந்த குருணை. அது ஈரக் கட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 14 கிராம் போதும். என் அக்கா மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் படித்தபோது எழுதி அனுப்பிய குறிப்பை வைத்துத்தான் நான் கிறிஸ்துமஸ்தோறும் இதைச் செய்கிறேன். அதில் முதல் வரியிலேயே இந்தக் கணக்கை அடிக்கோடிட்டிருந்தாள்.

'கொதிக்கும் பாலில் ஈஸ்ட்டைக் கரைக்கவும்' என்பது அடுத்த வம்பு. 60 டிகிரி சூட்டிலேயே ஈஸ்ட் செத்துப்போகும். பால் விரல் பொறுக்கும் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை சீனி போட்டுக் கரைத்து, பத்து நிமிஷத்தில் நுரைக்காவிட்டால் அது பழைய சரக்கு. கடைக்காரரிடம் கோபப்படலாம், மைதாவில் கொட்டக் கூடாது.

இது லேசான மாவு அல்ல. டிரெஸ்டன் ஸ்டோலன் என்று பெயர் போட்டு விற்பதற்கு 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 50 பங்கு வெண்ணெய், 65 பங்கு உலர்திராட்சை சேர்த்தாக வேண்டும். மார்ஜரின் கூடவே கூடாது. (1491-இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் அனுமதி தரும்வரை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால நோன்பில் வெண்ணெய்க்கே தடை. எண்ணெயில் செய்த அந்த ஸ்டோலனை எப்படித்தான் விழுங்கினார்களோ!) இத்தனை கனத்தையும் ஈஸ்ட் தூக்க வேண்டும். போதாததற்கு, சீனி ஈரத்தை இழுத்துக்கொண்டு ஈஸ்ட்டை மந்தமாக்கிவிடும். அதனால் மாவில் கால் பங்கை மட்டும் பாலும் ஈஸ்ட்டும் சேர்த்து முதலில் பொங்க விடுவார்கள். மீதி மாவு, சீனி, வெண்ணெய் எல்லாம் அதற்குப் பிறகுதான், உலர்பழம் கடைசியில். உங்கள் குறிப்போ எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பிசையச் சொல்கிறது.

அப்புறம், மாவு பொங்குவதற்கு நீங்கள் போட்ட அந்த 'இரண்டு மணி நேரம்'. இட்லி மாவுக்கு யாராவது மணி பார்த்துச் சொல்வார்களா? சித்திரையில் பொங்கி வழிகிற மாவு மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். நான் பிசைந்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளிக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, மாவு நிற்கும் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவேன். எவ்வளவு உப்பியது என்று பக்கத்திலிருந்தே தெரியும். மத்தியானம் பிசைந்தால் மதுரைச் சூட்டுக்கு வெண்ணெய் உருகி வெளியே வரும். விடியற்காலையில் பிசைவதுதான் சரி.

பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் கிடைக்காவிட்டால் டூட்டி ஃப்ரூட்டி போடலாம் என்றிருக்கிறீர்கள். அது பப்பாளிக்காய், இனிப்பு மட்டும்தான் இருக்கும். சாத்துக்குடித் தோலை மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கசப்பை எடுத்துவிட்டுப் பாகு காய்ச்சினால் வாசனையும் வரும், காசும் மிச்சம்.

சுட்ட பிறகு 'குளிர்ந்த அறையில் மூன்று வாரம் வைக்கவும்' என்கிறீர்கள். எங்கள் ஞானஒளிவுபுரத்தில் அப்படி ஓர் அறை இருந்தால் நாங்களே போய்ப் படுத்துக்கொள்வோம். உருக்கிய வெண்ணெய் தடவிச் சீனிப்பொடி தூவியதை இங்கே வெளியில் வைத்தால் எறும்புக்குத்தான் பண்டிகை. நன்றாகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடுவதற்கு முன் வெளியே எடுத்து வைக்கலாம்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் வருகிற ஞாயிறே வெளியிடுங்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம்கூட இல்லை; உங்கள் குறிப்பை நம்பி இந்நேரம் பல வீடுகளில் திராட்சையை ஊறப் போட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஞானஒளிவுபுரம், மதுரை.