எஞ்சின் மாற்றித் தரும் பட்டறைக்காரர்களுக்கு: கியர்பாக்ஸ் மவுண்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்

ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொரு வண்டிக்குள் உட்கார வைக்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்கள் கைவேலை மேல் மரியாதை இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகிற ஒரு பழைய காரில் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டையும் மாற்றினேன். வேலையை ஒரு பட்டறையில்தான் கொடுத்தேன். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற முன்பக்க மவுண்டுகளுக்கு இரண்டு வாரம் எடுத்து இழைத்து இழைத்துச் செய்தார்கள், அந்த வெல்டிங் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கியர்பாக்ஸின் வாலை, அதாவது பின்முனையைத் தாங்குகிற கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்தை மட்டும் கடைசி நாள் சாயங்காலம், டெலிவரி அவசரத்தில், கையில் கிடைத்த சேனல் துண்டை வெட்டி, நடுவில் ரப்பரே இல்லாமல் போல்ட் போட்டு இறுக்கி முடித்துவிட்டார்கள். சைலன்சர் குழாய் இடித்ததால் வாலைக் கொஞ்சம் மேலே தூக்கியும் வைத்தார்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தரை முழுக்க அதிரும். வீல் பேலன்ஸ் பார்த்தோம், ஷாஃப்டைக் கழற்றி அதையும் பேலன்ஸ் செய்தோம், தீரவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன், கியர்பாக்ஸ் வாலில் மவுண்ட் போல்ட் ஏறுகிற அலுமினியக் காதின் அடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது.

விரிசல் ஏன் வந்தது என்று யோசித்தால் கணக்கு எளிது. எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) கொடுக்கிறது, முதல் கியர் விகிதம் 3.5 என்று வையுங்கள், ஷாஃப்டுக்குப் போவது 700. அதே 700 எதிர்ப்பக்கமாகத் திரும்பி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கும். முன்னால் இருக்கிற இரண்டு ரப்பரும் அமுங்கி அதற்கு வழிவிடும், பின்னால் மட்டும் ரப்பர் இல்லாமல் இறுக்கியிருந்தால் முறுக்கு அந்த அசையாத இடத்தில்தான் போய் விழும். அந்தக் காது வார்ப்பு அலுமினியம். வளைந்து கொடுக்காது, உடையும். முன்னால் ரப்பர் என்றால் பின்னாலும் ரப்பர்தான் போட வேண்டும்.

அதிர்வு வேறு கதை. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற கிராஸ் ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டின் வேகம் இரண்டு தடவை கூடிக் குறையும். முன் ஜாயின்ட் செய்கிற இந்தக் கோளாறைப் பின் ஜாயின்ட் சரிக்கட்ட வேண்டுமானால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற ஷாஃப்டும் பின் ஆக்ஸில் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியலின் பினியனும் (ஷாஃப்டின் சுழற்சியை உள்ளே வாங்குகிற பல்சக்கரத் தண்டு) இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. என் வண்டியில் அளந்தபோது கியர்பாக்ஸ் வால் 1 டிகிரி கீழே சாய்ந்திருந்தது, பினியன் மூக்கு 4 டிகிரி மேலே பார்த்தது. இரண்டும் சமமாக இருந்தால்தான் இணை, இங்கே 3 டிகிரி வித்தியாசம். குழாய்க்காக வாலைத் தூக்கியதன் விலை அது. இதை வைத்துக்கொண்டு ஷாஃப்டை எத்தனை தடவை பேலன்ஸ் செய்து என்ன பயன்? அதற்காக எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்துவிடவும் கூடாது. ஜாயின்டில் ஒரு டிகிரியாவது கோணம் இருந்தால்தான் உள்ளே ஊசி பேரிங் உருளும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்துவிடும்.

அதனால் என் வேண்டுகோள், இந்த மவுண்டை முன் மவுண்டுகளோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். வண்டி நான்கு சக்கரத்தில் நின்று, எடை ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகு கோணம் பாருங்கள், பின் ஆக்ஸில் தொங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. கிராஸ்மெம்பரை முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். குழாய் இடித்தால் குழாயை வளையுங்கள், கியர்பாக்ஸைத் தூக்காதீர்கள். முழு வெல்டிங் போடுவதற்கு முன் ரப்பரைக் கழற்றிவிட்டு அதே உயரத்தில் ஒரு இரும்புத் துண்டை மாட்டிக்கொண்டால் ரப்பரும் கருகாது, சூட்டில் ப்ளேட்டும் அவ்வளவாக இழுக்காது. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், கியர்பாக்ஸ் மேல் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும்.

அப்புறம், பெட்டி மாதிரியான சேஸிஸில் குறுக்கே போல்ட் போடும்போது உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்காவிட்டால் இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும், போல்ட் தளரும். கிராஸ்மெம்பர் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். நாளைக்குக் கிளட்ச் மாற்ற வருகிற இன்னொரு மெக்கானிக் கிரைண்டர் எடுத்து அறுக்கும்படி விடுவது நியாயமில்லை. ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கு பாடியிலிருந்து தடித்த எர்த் பட்டை ஒன்றும் கொடுங்கள், அது இல்லாமல் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போய் கேபிளைச் சுட்டுவிடும்.

இப்போது வால் கேசிங்கை மாற்றி, கிராஸ்மெம்பரைப் புதிதாகச் செய்து, ரப்பர் போட்டு ஓட்டுகிறேன். கியர்பாக்ஸ் வால் 3.5 டிகிரி கீழே, பினியன் மூக்கு 4 டிகிரி மேலே. தரையில் அதிர்வு இல்லை.

இன்னும் ஒன்று கேட்கிறேன். வண்டியைக் கொடுக்கும்போது சாவியோடு ஒரு துண்டுத் தாளில் இந்த இரண்டு கோணத்தையும் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு எண்ணும் கையில் இருந்திருந்தால், நான் ஷாஃப்டை மூன்று தடவை கழற்றியிருக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்