கிரீன் கார்டுதாரரின் மனைவிக்கு மட்டும் ஏன் இந்தக் காத்திருப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விசா குறித்துத் தமிழ் இதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் எச்-1பி எனும் தற்காலிக வேலை விசாவுக்கான குலுக்கலையும், கிரீன் கார்டு எனும் நிரந்தரவாச அனுமதிக்கான நீண்ட வரிசையையும் பற்றியே பேசுகின்றன. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு தாயகத்தில் மணமுடிப்பவர்கள் படும் பாடு அதிகம் பேசப்படுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டில் திருமணம் செய்துகொண்டால், அவருடைய மனைவி சட்டத்தின் பார்வையில் ‘மிக நெருங்கிய உறவினர்’ ஆகிறார். அந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மனுவைப் பரிசீலிக்க ஆகும் காலத்தைத் தவிர வேறு காத்திருப்பு இல்லை. எச்-1பி விசாவில் சில ஆண்டுகள் வேலை செய்ய வந்திருப்பவர் மணமுடித்தாலும் சிக்கல் இல்லை. மனைவிக்கு எச்-4 விசா உண்டு. நேர்காணலுக்கு நாள் கிடைத்து விசா முத்திரை விழுந்துவிட்டால் அவர் புறப்பட்டு வந்துவிடலாம். ஆனால், காலமெல்லாம் இங்கேயே வாழலாம் என்று அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்ட கிரீன் கார்டுதாரரின் மனைவி மட்டும் எஃப்2ஏ என்ற வரிசையில் போய் நிற்க வேண்டும். உலகம் முழுவதிலுமுள்ள கிரீன் கார்டுதாரர்களின் கணவன், மனைவி, 21 வயது நிறையாத மணமாகாத பிள்ளைகள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 88,000 இடங்களே இந்தப் பிரிவில் உறுதியாகக் கிடைக்கின்றன. 2019 ஜூலை முதல் சில ஆண்டுகள் இந்த வரிசை தேக்கமின்றி நகர்ந்தது உண்மைதான். 2023 ஏப்ரலில் முன்னுரிமைத் தேதி 2020 செப்டம்பருக்குப் பின்னோக்கிப் போய், அதற்கு முன் மனு செய்தவர்களுக்கே விசா என்றானபோது, புதுமணத் தம்பதிகளின் தலையில் மீண்டும் ஆண்டுக்கணக்கான பிரிவு வந்து விழுந்தது.

எனக்குத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் ஒரே அலுவலகத்தில் ஒரே குழுவில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் எச்-1பியில் இருப்பவர். திருமணமான சில மாதங்களிலேயே அவருடைய மனைவி இங்கு வந்து குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டார். மற்றவர் சிறுவயதில் பெற்றோருடன் வந்து கிரீன் கார்டு பெற்றவர். இங்கேயே படித்து, வரி கட்டி, வீடும் வாங்கியவர். அவருடைய மனைவி மதுரையில் மாமியார் வீட்டில் காத்திருக்கிறார். சுற்றுலா விசாவிலாவது ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்தப் பெண் விண்ணப்பித்தார். குடியேற மனு நிலுவையில் இருப்பவர் திரும்பிச் செல்வார் என்று நம்ப முகாந்திரமில்லை என்பதால் அது நிராகரிக்கப்பட்டது. எச்-4க்கு விண்ணப்பிக்கும் பெண்ணை யாரும் அந்தக் கேள்வி கேட்பதில்லை. குடியேறும் எண்ணம் இருந்தாலும் அந்த விசாவைத் தரலாம் என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. நிரந்தரமாக வாழ வந்தவரின் மனைவியைத் தடுத்து நிறுத்தவும், தற்காலிகமாக வந்தவரின் மனைவியை வரவேற்கவும் ஒரே சட்டம் வழிசெய்கிறது என்பதை என்னால் எவ்வளவு யோசித்தும் ஏற்க முடியவில்லை.

இதைவிட வேதனையான ஒன்று திருமணத் தேதியைப் பற்றியது. வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டு பெறுபவர், அது கிடைப்பதற்கு முதல் நாள் தாலி கட்டியிருந்தால், அவருடைய மனைவி அதே மனுவின் தொடர்ச்சியாகத் தனி வரிசையின்றி வந்து சேரலாம். மறுநாள் கட்டினால் எஃப்2ஏ வரிசைதான். பெண் பார்க்கும் வீடுகளில் ‘மாப்பிள்ளைக்கு கிரீன் கார்டு வந்துவிட்டதா?’ என்று கவலையோடு விசாரிப்பதும், கார்டு வருமுன் அவசர அவசரமாகப் பதிவுத் திருமணம் செய்துவிடுவதும் இதனால்தான்.

குடியுரிமை பெற்றுவிட்டு மனைவியை அழைத்துக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொதுவாக அதற்கு ஐந்தாண்டு நிரந்தரவாசியாக இருந்திருக்க வேண்டும். அதில் பாதிக் காலமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அமெரிக்காவில் தொடர்ந்து வசித்தார் என்பதே கேள்விக்குள்ளாகும். ஆகவே மனைவியோடு ஊரில் நீண்டகாலம் இருக்கவும் வழியில்லை. மேலும் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்தால்தான் கட்டிய மனைவியோடு விரைவில் சேர்ந்து வாழலாம் என்றாகிறது. எந்த நாட்டின் குடிமகனாக இருப்பது என்பது ஒருவர் மனமுவந்து எடுக்க வேண்டிய முடிவு. மனைவியின் விசாவைக் காட்டி அதை வாங்கக் கூடாது.

குடியேற்றத்தைக் கட்டுக்குள் வைக்கவே இந்த உச்சவரம்பு என்ற வாதமும் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. இந்த மனைவியரும் கணவன்மாரும் எப்படியும் வரப்போகிறவர்கள். தாமதத்தால் வருவோர் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்துவிடாது. சேர்ந்து வாழ வேண்டிய ஆண்டுகள்தாம் குறைகின்றன. இடையில் குழந்தை பிறந்தால் அதுவும் தாயோடு அதே வரிசையில்தான் நிற்கிறது.

தீர்வு இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் ‘வி’ விசாவை உருவாக்கி, மூன்றாண்டு காத்திருந்தவர்கள் அமெரிக்காவுக்கு வந்து, மீதிக் காலத்தை இங்கேயே குடும்பத்துடன் கழிக்க வழி செய்தது. அந்த ஆண்டு டிசம்பர் 21க்குள் மனு செய்தவர்களுக்கு மட்டும் என்று வரம்பிட்டதால் அது இன்று பயனற்றுக் கிடக்கிறது. 2013இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் நிறைவேற்றிய குடியேற்றச் சீர்திருத்த மசோதா, கிரீன் கார்டுதாரரின் துணையையும் பிள்ளைகளையும் உச்சவரம்பற்ற பிரிவுக்கு மாற்ற முனைந்தது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை. கிரீன் கார்டுதாரர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை. அவர்கள் குரல் அங்கே எட்டாததற்கு அதுவும் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே, அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாக்குரிமையும் உள்ள தமிழர்களிடம் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இது பற்றி எழுதுங்கள். முழுச் சீர்திருத்தம் கைகூடும்வரை, ‘வி’ விசாவுக்குரிய அந்தப் பழைய தேதி வரம்பையாவது நீக்கும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நியூ ஜெர்சி.