நிழல் தரையில விழுது பாப்பா

பாப்பா,

நீ அனுப்பின லிஸ்ட் பாத்தேன். மூணு நாள்ல பதினோரு கோயில்! மாப்பிள்ளைக்கு எல்லாத்தையும் காட்டிடணும்னு உனக்கு ஆசை, புரியுது, ஆனா அப்படி ஓடினா செருப்ப கழட்டி மாட்டவே நேரம் சரியா போயிடும். போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பேசுவ, எனக்கு சொல்ல வந்தது மறந்துடும், அதான் உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காத.

மொதல்ல ஒரு தப்ப ஒத்துக்கறேன். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தோட, அதான் கர்ப்பகிரகத்து மேல நிக்கற கோபுரத்தோட, நிழல் தரையில விழவே விழாதுன்னு ஒரு பார்வர்ட் வந்துச்சே, அத உனக்கு அனுப்பினது நான் தான், நீயும் நம்பி உன் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. போன தை மாசம் சித்தியும் நானும் போயிருந்தோம்ல, சாயங்காலம் நாலரை இருக்கும், கால் வலி தாங்கலன்னு வடக்குப் பக்கமா நிழல் பாத்து உக்காந்தோம், வெயில் இல்லாம ஜில்லுனு இருக்கேன்னு பேசிட்டே இருக்கோம், நிமிந்து பாத்தா நாங்க உக்காந்திருக்கறதே விமானத்தோட நிழல்ல தான்! சித்தி என்னைப் பாத்து சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவளுக்கும் நான் தான் அனுப்பியிருந்தேன். உச்சியில 80 டன்ல ஒரே கல்லுன்னு சொல்றதும் அதே மாதிரி தான், அது பல துண்டுகளா செஞ்சு சேத்து வச்சதாம். ஆபீஸ்ல சொன்னவங்ககிட்ட திருத்தி சொல்லிடு, எனக்கு மனசு உறுத்துது.

அந்த கதையெல்லாம் போனாலும் எனக்கு ஒண்ணும் கொறஞ்ச மாதிரி தெரியல. தஞ்சாவூர சுத்தி எங்க பாத்தாலும் வயல் தான, கருங்கல் மலை ஏது, அவ்வளவு கல்லையும் வெளியேந்து இழுத்துட்டு வந்து 216 அடிக்கு ஏத்தியிருக்காங்க, அதுவும் சுண்ணாம்பு கலவை பூசி ஒட்டாம கல்லு மேல கல்லா, உள்ள கூடு மாதிரி வெத்தா விட்டு, மேல போக போக ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி வச்சு குறுக்கிட்டே போயிருக்காங்க. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 25 ஆம் வருஷம், 275 ஆவது நாள் உச்சிக்கு கலசம் குடுத்தான்னு நாள் கணக்கோட வெட்டி வச்சிருக்கு, நம்ம கணக்குக்கு 1010. தலைமை தச்சர் பேரு கூட இருக்கு, குஞ்சரமல்லன்னு. நம்ம வீட்ட கட்டின கொத்தனார் பேர் உங்க அப்பாவுக்கே ஞாபகம் இல்ல!

அங்க ஒரு காலேஜ் பொண்ணு கல்வெட்டுல விரல வச்சு எழுத்துக்கூட்டி படிச்சிட்டு இருந்தா. என்னம்மா படிக்கறன்னு கேட்டதுக்கு எங்களையும் கூட்டிட்டு போய் காட்டினா. நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மத்தவங்க குடுத்தனவும் கல்லிலே வெட்டுகன்னு ராஜாவே சொல்றார். அக்கன்னா குந்தவை. உடனே சித்தி, பாத்தியா அக்காவுக்கு ரெண்டாவது எடம் குடுத்திருக்காரு, நான் உனக்கு மொத எடமே குடுக்கறேன், ஆனா சாயங்கால காபி உன் செலவுன்னுட்டா.

எனக்கு மனசுல நின்னது வேற. அங்க ஆடறதுக்குன்னு வேற வேற ஊர் கோயில்கள்லேந்து 400 பொண்ணுங்கள கொண்டுவந்து குடி வச்சிருக்காங்க, ஒவ்வொருத்தி பேரும், எந்த ஊர் கோயில்லேந்து வந்தா, எந்த தெரு, எந்த சிறகு, அதாவது தெருவோட எந்த பக்கத்து வரிசை, எத்தனாவது வீடுன்னு வரிசையா வெட்டியிருக்கு, ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வேலை மாத்தலாகி வந்த பொம்பளைங்களோட அட்ரஸ் புக்கு அது. நீ இப்ப இருக்கற ஊர்ல மொத மொத போய் எறங்கினப்ப அட்ரஸ் அனுப்பின இல்ல, பிளாட் நம்பரோட, அத எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டியிருந்தேன். ஏனோ அது தான் ஞாபகம் வந்துச்சு. இந்த கோயிலுக்கு நான் அஞ்சாறு தடவ போயிருக்கேன், ஒரு தடவ கூட இத யாரும் சொல்லல, நானும் கேக்கல. வரிசையில நின்னோம், தீபாராதனை பாத்தோம், விபூதி வாங்கினோம், கிளம்பினோம்.

உனக்கு மாமல்லபுரம் ஞாபகம் இருக்கா, நாலாவது படிக்கும்போது போனோமே? எல்லாரும் கல்லு யானை மேல ஏறி போட்டோ எடுக்கறாங்க, நீ மட்டும் ஒரு ரதத்துக்கு கீழ குனிஞ்சு, ஏம்மா மேல இவ்ளோ அழகா செஞ்சுட்டு கீழ அப்படியே விட்டுட்டாங்கன்னு கேட்ட. அப்பா, ஆள் கிடைச்சிருக்காது வா, பஸ்சுக்கு நேரமாச்சுன்னார். நானும் உன் கைய புடிச்சு இழுத்துட்டு தான் வந்தேன். அதுக்கு பதில் இப்ப சொல்றேன் கேளு, இருபத்தஞ்சு வருஷம் லேட்டு.

அது கட்டினதே இல்ல, செதுக்கினது. பாறைய மேலேந்து கீழ செதுக்கிட்டே வந்திருக்காங்க, உச்சி மொதல்ல, அஸ்திவாரம் கடைசியில, அதான் வேலை பாதியில நின்னா கீழ்ப்பக்கம் வெறும் பாறையாவே நிக்குது. ஊருக்குள்ள பிடாரி ரதம்னு ரெண்டு இருக்கு, கூட்டமே இருக்காது, மேல்பாதி கோயில் கீழ்பாதி பாறை, உளி தடம் கூட தெரியும், அஞ்சு ரதத்த விட எனக்கு அது தான் பிடிச்சுது. சாரம் கட்ட வேண்டாம், ஆனா ஒரு தப்பு பண்ணா ஒட்டவும் முடியாது. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் மண்டகப்பட்டு குகைக்கோயில்ல எழுதி வச்சிருக்கான்ல, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இத செஞ்சேன்னு, அந்த ஜம்பத்த எனக்கு ரொம்ப பிடிக்கும். அதுக்கு முன்னாடி கோயிலெல்லாம் மரமும் செங்கல்லும் தான, அதனால தான் திரௌபதி ரதம் அப்படியே கூரைக் குடிசை மாதிரி இருக்கு, சகாதேவன் ரதம் பின்பக்கம் உருண்டையா இருக்கும், பக்கத்துலயே யானை நிக்கும், ரெண்டையும் சேத்து பாரு, முதுகு ஒண்ணு போலவே இருக்கும், அதுக்கு தூங்கானை மாடம்னே பேரு. பாண்டவங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பேரு பின்னாடி வந்தது.

குட்டிப்பயலுக்கு போர் அடிக்கும்னு கவலப்படாத. கூரை விளிம்புல குதிரை லாடம் மாதிரி வளைவு வளைவா இருக்கும், கூடுன்னு பேரு, உள்ளேந்து ஒரு மூஞ்சி எட்டி பாக்கும், எத்தனை மூஞ்சின்னு எண்ண சொல்லு, அர மணி நேரம் ஓடிடும். கும்பகோணம் பக்கத்துல தாராசுரத்துல யானையும் காளையும் ஒரே தலையா ஒரு சிற்பம் இருக்கு, ஒரு பக்கத்த கையால மறைச்சா யானை, இந்த பக்கம் மறைச்சா காளை. சுவத்தோட அடியில நாயன்மார் கதையெல்லாம் சின்ன சின்னதா செதுக்கியிருக்கு, நமக்கு முட்டி போட்டு தான் பாக்கணும், அவனுக்கு உயரம் சரியா இருக்கும். தேர் மாதிரி மண்டபம், சக்கரம், குதிரை எல்லாம் அவனே கண்டுபிடிப்பான்.

கங்கைகொண்ட சோழபுரம் நேரம் இருந்தா போவோம். ராஜராஜன் பையன் ராஜேந்திரன் அப்பாவோடத விட கொஞ்சம் குள்ளமா தான் கட்டியிருக்கான், ஆனா தஞ்சாவூர் நேரா ஏறும், இது இடுப்பு வளைஞ்ச மாதிரி ஏறும். சண்டேசர்னு ஒரு நாயன்மாருக்கு சிவன் குனிஞ்சு தலையில மாலை சுத்தறார் பாரு, அத பாத்துட்டு சித்தி பேசவே இல்ல, அவ பேசாம இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்கே தெரியும். அந்த கோயில் மதில் கல்ல பேத்து 1836ல கொள்ளிடத்துல அணை கட்டிட்டாங்களாம், கேட்டப்ப வயிறு எரிஞ்சுது. ஆனா நாமளும் ஒண்ணும் கொறஞ்சவங்க இல்ல, போன வருஷம் ஒரு கோயிலுக்கு போனேன், பேரு வேண்டாம், பழைய கருங்கல் தூணுக்கு பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, தரையில பாத்ரூம் டைல்ஸ் ஒட்டி, கல்வெட்டு மேலயே ஸ்விட்ச் போர்டு.

அதனால லிஸ்ட்ட நான் வெட்டிட்டேன். ஒரு நாள் மாமல்லபுரம், ஒரு நாள் தஞ்சாவூர், கடைசி நாள் தாராசுரம், முடிஞ்சா சோழபுரம். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால காலையில சீக்கிரம் இல்லன்னா நாலு மணிக்கு மேல. அப்பா பஸ்சுக்கு நேரமாச்சும்பார், அவர நான் பாத்துக்கறேன். நிழல் நிஜமாவே விழுதான்னு மாப்பிள்ளையும் பாக்கட்டும்.

மே மாசம் கல்லு தோசைக்கல்லு மாதிரி சுடும், பயலுக்கு தடியான சாக்ஸ் ரெண்டு ஜோடி எடுத்துட்டு வா, இங்க கிடைக்கறது மெல்லிசா இருக்கு.

அம்மா