வசந்தாவுக்கு, நாலு மாதம் கழித்து

பாளையங்கோட்டை
பங்குனி, ஞாயிறு மதியம்

அன்புள்ள வசந்தா,

திட்டுவதானால் இப்போதே திட்டிவிடு, அப்புறம் படி. கார்த்திகையில் வந்த கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறவள் எவ்வளவு திட்டு வாங்கினாலும் தகும். வீட்டில் எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதையே உத்தியோகமாக வைத்திருக்கிறார். ஜெயக்கொடி பேத்தி எடுத்துவிட்டாள். குழந்தைக்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் நீ சிரிப்பாய், நேரில் சொல்கிறேன். தாளின் பின்பக்கம் எட்டாம் வகுப்புக் காலாண்டு வினாத்தாள் இருக்கும். மிஞ்சிப்போனது. உன்னைத் தெரியும், விடை எழுதி அனுப்பிவைக்காதே.

"அப்பா புத்தகங்களை என்ன செய்ய? தம்பி வீட்டை வாடகைக்கு விடணும் என்கிறான். நீதான் ஒரு நூலகத்தையே கைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறாயே, நீ சொல்" என்று கேட்டிருந்தாய். அன்று ராத்திரியே பதில் எழுதிவிட்டேன், தெரியுமா? அனுப்பவில்லை. "எல்லாம் இணையத்தில் இருக்கிறது, கட்டிச் சுமக்காதே, எடைக்குப் போட்டுவிடு" என்று எழுதியிருந்தேன். பதினாறாம் நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஒரு மாதம் ஆவதற்குள் இப்படி எழுதினால் நன்றாயிருக்காதே என்று மடித்து வைத்தேன். நாகரிகத்துக்காகத்தான் வைத்தேன், கருத்து மாறி அல்ல. இப்போது கருத்தே மாறிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்.

ஆயுத பூஜைக்கு முன்னால் ஏலச்சீட்டுப் பணத்தில் டேப் வாங்கியதைப் போனில் சொன்னேன் அல்லவா? 11 அங்குலம், பேனாவும் சேர்த்து 28,000 ரூபாய். டேப்லெட் வாங்கினேன் என்றதும் அத்தை, "சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்டார்கள். வார இறுதிக் கல்வெட்டுப் பட்டய வகுப்புக்காக என்று இவரிடம் சொன்னேன். 54 வயதில் பட்டயம் வாங்கி எந்த ராஜாவுக்கு ஓலை எழுதப்போகிறாய் என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் மூன்று மாதம் எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை, 1890-இல் ஜெர்மன் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் போட்ட முதல் தொகுதியிலிருந்து, நம் காலத்தில் நூலகர் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னாலேயே நிற்பாரே, அந்தத் தொகுதிகள் எல்லாம் என் படுக்கையில். அரைக் கிலோதான் கனம். திரையை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் கல்வெட்டு, வலது பக்கம் அகராதி. அடிக்குறிப்பு எறும்பு சைஸில் இருந்தாலும் இரண்டு விரலால் விரித்தால் யானையாகிவிடும். நம் வயதில் இந்த ஒன்றுக்கே 28,000 கொடுக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய தமிழ் அகராதி, அதான் லெக்சிகன், 1924-இல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதி, 1939-இல் அனுபந்தம், அத்தனையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. உன் அப்பா தூக்க முடியாமல் தூக்கி மேசையில் வைப்பாரே, அது. தோசைக் கரண்டி ஒரு கையில், டேப் ஒரு கையில் என்று படித்தேன். மாவு விரல் பட்டால் நாற்பது பக்கம் தாவி ஓடும். ஒருநாள் ராஜராஜனில் இருந்தவள் தோசையைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் பொருளடைவில் நிற்கிறேன்.

சின்னது வாங்காதே, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் மருமகன் 8 அங்குலம் போதும் என்பார். கதைப் புத்தகத்துக்குப் போதும். பழைய புத்தகத்தின் ஸ்கேன் என்பது பக்கத்தின் படம். எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரியை மடித்துப் போட அதற்குத் தெரியாது. பெரிதாக்கினால் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும், ஊஞ்சல் ஆட்டுவதுபோல. பேனாவும் சும்மா. கண்ணாடியில் எழுதினால் என் கையெழுத்து பெருமாள் சார் மருந்துச் சீட்டு எழுதியதுபோல வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் வினாத்தாளில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தை மாதம் பையன் பொங்கலுக்கு வந்தான். "அம்மா, இதில் இடமே இல்லை, அதான் திணறுகிறது" என்று எதையெதையோ துடைத்தான். நல்ல பிள்ளை, உதவி செய்கிறான் என்று நானும் பொங்கலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ராத்திரி திறந்து பார்க்கிறேன், புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. பக்கங்கள் பச்சைக் குழந்தைபோல வெள்ளையாக இருக்கின்றன. நாலு மாதமாக ஓரத்தில் எழுதிய குறிப்பு, மஞ்சள் கோடு, கேள்விக்குறி, வகுப்பில் எழுத்தாணி சாரிடம் கேட்கவேண்டும் என்று எழுதி வைத்தவை, ஒன்றும் இல்லை. நான் கோப்பில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செயலி குறிப்புகளைக் கோப்புக்கு வெளியே, தன் மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறது. அதன் சேமிப்பைத் துடைத்ததும் அதோடு போய்விட்டது. ஏற்றுமதி என்று ஒரு பொத்தான் இருந்ததாம், மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்தியிருக்க வேண்டுமாம். யார் கண்டது? அழுதேன், வசந்தா. பையன் பயந்துபோய் அரை மணி நேரம் பேசவே இல்லை. இவர் மட்டும், "எல்லாம் மண்டையில் இருக்குமே" என்றார். மண்டையில் இருந்தால் நான் ஏன் எழுதி வைக்கிறேன்?

அது ஒரு பாடம். அதைவிடப் பெரியது மாசியில் வந்தது.

வகுப்பில் எங்களைத் தாமிரபரணிக் கரையில் ஒரு சின்னக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அடித்தளத்தில் குமுதம் என்கிற புடைத்த கல்வரிசையைச் சுற்றிக் கல்வெட்டு. பத்தரை மணி வரை வெயில் சாய்ந்து விழுந்தது, எழுத்து பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. நான் பெருமையாக டேப்பை எடுத்தேன். திரையில் என் மூஞ்சிதான் தெரிகிறது. வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில், சூடு அதிகம், ஆறிய பிறகு பயன்படுத்தவும் என்று அதுவாக ஓய்வெடுத்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், 40 பக்க நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே போகிறாள். காவலாளி குடை பிடித்தார், எனக்கு அல்ல, டேப்புக்கு.

எட்டாவது வரியில் விளக்கு நெய்க்காக ஆடு விட்ட செய்தி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாள்தோறும் உழக்கு நெய் என்று பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? இங்கே எண் இருந்த இடம் பொரிந்துபோயிருந்தது. விளக்குக்கு முன்னால் இருந்த சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நந்தா விளக்கு என்று எதிர்பார்த்துப் படித்தால், கல்லில் ந என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் நிற்கின்றன. கல்லில் புள்ளியும் கிடையாது, ஒகர ஓகார வித்தியாசமும் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். ஆசிரியர், "நொந்தா" என்றார். அணையாத விளக்குக்கு நொந்தா, நுந்தா என்றும் வரும் என்றார்.

வீட்டுக்கு வந்து தேட உட்கார்ந்தேன். வேறு எங்கே எந்த வடிவம் வருகிறது என்று பார்த்துவிடலாம், நமக்குத்தான் எல்லாம் கையில் இருக்கிறதே. வசந்தா, மூன்று ராத்திரி. பாதித் தொகுதிகள் வெறும் படம், அவற்றில் தேடல் வேலை செய்யாது. படத்தை எழுத்தாக மாற்றிய பிரதியில் தமிழ் எண் ௧ வந்த இடமெல்லாம் க, ௭ வந்த இடமெல்லாம் எ. வரி எண்ணைச் சொல்லின் நடுவில் அடைப்புக்குறியில் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள், அதனால் விளக்கு ஒரு வரியில் வி, அடுத்த வரியில் ளக்கு. எங்கே கிடைக்கும்? இன்னொரு கோப்பில் கோயில் என்று தேடினால் ஒன்றுகூட இல்லை என்றது. கண்ணெதிரே பக்கத்தில் கோயில் இருக்கிறது! நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் கொம்பு தனியாக முன்னால் வந்து, "ேகாயில்" என்று நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமித்திருக்கிறார்கள், இயந்திரத்துக்கு அது வேறு சொல். என்னமோ எல்லாம் கையில் இருக்கிறது என்றேனே, எந்த எழுத்தில் தேடவேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவளுக்குத்தான் அது இருக்கிறது.

மூன்றாம் ராத்திரி இரண்டு மணிக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது.

இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு உங்கள் வீட்டில் தங்கிப் படித்தோமே. நீ தூங்கிவிட்டாய், எப்போதும்போல. நான் கூடத்தில் லெக்சிகனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் என்னிடம், "எந்தச் சொல்?" என்றார். சொன்னேன். அவரே வேறொரு தொகுதியை எடுத்துப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். நந்தாவிளக்குக்குப் பக்கத்து ஓரம் முழுக்கப் பென்சில். நொந்தா, நுந்தா என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, எதிரே ஊர்ப் பெயர்கள். எந்தக் கோயிலில் எந்த வடிவத்தைப் பார்த்தார், எந்தச் சுவரில், எந்தத் தேதியில். சைக்கிளில் போய்ப் பார்த்தது என்றார். எனக்கு அன்றைக்குத் தேர்வுக் கவலை, இதெல்லாம் கேள்வியில் வராது என்று தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனேன். ஒரு ஊர்ப் பெயராவது இப்போது நினைவுக்கு வருமா என்று பார்க்கிறேன், வரவில்லை.

நான் மூன்று ராத்திரி தேடியது முப்பத்து மூன்று வருஷமாக உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் அதை எடைக்குப் போடச் சொல்லி எழுதி மடித்து வைத்தவள்.

உடனே உணர்ச்சிவசப்பட்டு ஒரு காகிதம்கூட விடாதே என்று சொல்லமாட்டேன். உன் வீட்டில் இடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், தம்பியையும் தெரியும். பாடப்புத்தகம், கோனார் உரைகள், பத்திரிகைக் கட்டுகள் போகட்டும். வின்சுலோ அகராதியின் மறுபதிப்பில் அவர் எதுவும் எழுதாமல் இருந்தால் அதுவும் போகட்டும். 1862 புத்தகம், அதே சிகாகோ தளத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்து, விசிறிபோலப் பக்கங்களை ஓடவிட்டுப் பார். ஓரத்தில் பென்சில் தெரிந்தால் ஒரு பக்கம், தெரியாவிட்டால் மறுபக்கம். பழைய நூல் எதையாவது பொதுவில் வைக்கலாம் என்று தோன்றினால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேள். எடைக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடு. கும்பகோணத்தில் எடைக்காரர் கூப்பிடாமலே வருவார், தெரியும், வாசலிலேயே நிறுத்து.

பென்சில் பக்கங்களைப் போனில் படம் எடுக்கத் தொடங்கிவிடாதே, நான் வருகிறேன். அவசரம் தாங்காமல் எடுத்தால் இதையாவது கேள். ஸ்கேன் செயலி அதுவாகக் கறுப்பு வெள்ளையாக்கும். அச்சு பளிச்சென்று வரும், பென்சில் அழிந்துபோகும். நான் என் நோட்டு ஒன்றில் சோதித்துப் பார்த்துவிட்டேன், மங்கலாக எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. வண்ணத்திலேயே எடு, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் வேண்டாம். பக்க எண் படத்துக்குள் வரட்டும். புத்தகத்தை அமுக்கி மலர்த்தாதே, தையல் விட்டுவிடும். தூசி தட்ட ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

ஆண்டுத் தேர்வுத் தாள் திருத்தி முடித்ததும் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். விடிகாலையில் கும்பகோணம், ஸ்டேஷனுக்கு வராதே, ஆட்டோவில் வந்துவிடுவேன். நான்கு நாள் தங்குவேன். டேப்பையும் கொண்டுவருகிறேன், படம் எடுத்ததை உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, பையனிடம் ஒன்று என்று மூன்று பிரதி வைப்போம். பையனிடம் கொடுப்பது தண்டனையாக. உன் தம்பியிடம் நானே பேசுகிறேன், நீ பேசினால் சண்டையாகும்.

உனக்கு அந்தப் புத்தகங்களைத் தொடவே முடியவில்லை என்று கடைசி வரியில் சின்னதாக எழுதியிருந்தாய். மற்றதையெல்லாம் நாலு மாதம் கழித்துப் பேசிவிட்டேன், அந்த வரியை இன்னும் தொடவில்லை பார். தொடவேண்டாம். அலமாரியைப் பூட்டியே வை. ந வரிசை இருக்கும் தொகுதியை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை மட்டும் வாசி. அவர் கையெழுத்து உனக்குத்தான் சரியாகப் புரியும்.

காலையில் இட்லியா? அப்படியானால் மூன்றாவது இட்லி யாருக்கு என்று முதலிலேயே முடிவு செய்துவிடு.

உன்,
மீனா