வட்டமும் புல்லும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. வரம்புள்ள மனித அறிவும் வரம்பற்ற அறிவும் தன்மையால் வேறுபடுகின்றனவா, அளவால் மட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை.

ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய நூலில், தன்மையாலேயே வேறுபடுகின்றன என்கிறார். பொருளைப் புலன்கள் தருகின்றன, கருத்தை அறிவு தருகிறது. இவ்விரண்டும் தனித்தனியே நிற்பதால்தான் 'இருக்கக்கூடியது', 'இருப்பது' என்ற பிரிவினையே நமக்கு ஏற்படுகிறது. முழுமையிலிருந்து பகுதிகளைக் காணும் ஓர் அறிவுக்கு இப்பிரிவினை இராது. அப்படியோர் அறிவு உண்டென்று அவர் நிறுவ முயலவில்லை. நம்முடைய அறிவு எத்தகையது என்பதை அதனருகே வைத்துக் காட்டுகிறார்.

அதே ஆண்டில் நூல் வெளியிட்ட சாலமன் மைமோனை இப்போதுதான் ஊன்றிப் படித்தேன். அன்றைய லித்துவேனியாவில் பிறந்து, வறுமையோடு பெர்லின் வந்து சேர்ந்த யூதத் தத்துவஞானி அவர். அவருடைய கையெழுத்துப் படி 1789இல் காண்டின் பழைய மாணவர் மார்க்கஸ் ஹெர்ட்ஸ் வழியாகக் காண்டை அடைந்தது. தம்மை எதிர்த்தவர்களில் எவரும் இவரளவுக்குத் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று காண்டே பதில் எழுதினார். மைமோனின் கேள்வி எளியது: புலனும் கருத்தும் முற்றிலும் வேறானவை என்றால், ஒன்று மற்றொன்றோடு எவ்வாறு பொருந்துகிறது? ஆகவே வரம்பற்ற ஓர் அறிவு இருப்பதாக நாம் கொள்ளத்தான் வேண்டும். நம்முடையது அதே அறிவின் குறுகிய வடிவம் என்றார். இது, கடவுளும் இயற்கையும் ஒன்றே என்ற தத்துவஞானி ஸ்பினோசாவின் வழி என்று காண்ட் மறுத்தார்.

நேற்று மாலை பேத்தி கவராயத்தின் முள்ளை ஊன்றி வட்டம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் பாதி வழியில் இருக்கும்போதே, மையத்திலிருந்து மாறாத தூரம் என்ற ஒரே விதியில் முழு வட்டமும் அடங்கியிருந்தது. அங்கே அறிவு தன் பொருளைத் தானே ஆக்குகிறது. கணிதத்தைப் பொறுத்தவரை மைமோன் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் முற்றத்திலிருந்து ஒரு புல்லைப் பிடுங்கி வந்து பார்த்தேன். வேர், கணு, தாள் என்று ஒவ்வொன்றாகத்தான் என்னால் எண்ண முடிந்தது; இவற்றை இப்படி வளரச் செய்யும் முழுமை என் கைக்கு எட்டவில்லை. ஒரு புல்லிதழை விளக்கும் நியூட்டன் தோன்றுவார் என்று எதிர்பார்ப்பதே வீண் என்று காண்ட் எழுதியதன் கனம் அப்போதுதான் விளங்கியது.

முழுமையிலிருந்து காணும் அறிவைக் கண்டடைந்த காண்ட் அதைத் தாமே கைவிட்டார் என்று 1802இல் ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் குறைகூறியதையே நீங்கள் ஏற்பீர்கள் என்று அறிவேன். எனக்கு அது கைவிடல் அன்று, நேர்மை. கண் நன்கு தேறியதும் காண்டின் அந்த நூலின் 76, 77ஆம் பிரிவுகளைப் படித்துவிட்டு உங்கள் மறுப்பை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்