அம்முவுக்கு, அந்தப் படிவத்தைப் பற்றி

அம்மு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. புது ஆய்வகம், புது மேஜை, எல்லாம் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நடுவில் போகிற போக்கில், 'வேலை தொடங்குமுன் எனக்கும் பெரியம்மை ஊசி போடுவாங்கப்பா' என்றாய் பார், அதோடு சரி, மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. எந்த ஊசி என்று கேட்டேன். 'ஜீனை நீக்கி வைரஸை அடக்குறதுதானே எங்க வேலையே, பயப்படாதீங்க' என்று சிரித்தாய். நான் கேட்டது உன் வேலையை இல்லை, உன் கையில் போடப் போகிறதை.

நாலு நாளாக இதே படிப்பாக இருக்கிறேன். உன் அம்மா திட்டுகிறாள். பழைய ஊசியில் இருந்தது பெரியம்மை வைரஸ் இல்லை, அதற்கு உறவுக்கார வைரஸான வாக்சினியா என்று நீ பள்ளிக்கூடம் போகும்போதே எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். உயிருள்ள வைரஸ், போட்ட இடத்தில் பெருகிக் கொப்புளித்துப் பொருக்குத் தட்டித் தழும்பாகும். என் கையில் இருக்கிறதே, அது. உன் அத்தைக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. 1968-ல் அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி முதல்முறை போட்டுக்கொண்ட பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவர் இறந்திருக்கிறார். நோய் வீட்டு வாசலில் நின்ற காலத்தில் அது சின்னக் கணக்கு. 1980-ல் நோயே ஒழிந்தது என்று அறிவித்த பிறகு யார் அந்த ஒருவராக இருக்கச் சம்மதிப்பார்கள்?

அதனால்தான் நீங்கள் எல்லோரும் கத்தரியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், புரிகிறது. மியூனிக்கில் அன்டன் மாயர் கத்தரிகூட எடுக்கவில்லை. அந்த வாக்சினியாவைக் கோழிக்கரு செல்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார், வைரஸ் தன் மரபுப்பொருளில் 15 சதவீதம் போல அதுவாகவே தொலைத்துவிட்டு, பெரும்பாலான மனித செல்களில் பெருகவே தெரியாததாகிவிட்டது. அதுதான் எம்விஏ என்கிற ஊசி. ஜப்பானியர்களின் எல்சி16எம்8 என்கிற ஊசி வைரஸில் பி5ஆர் ஜீனில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. ஒரு எழுத்துப் பிழை தானாகத் திருந்திவிடவும் கூடும் இல்லையா, அதனால் பிற்பாடு அந்த ஜீனையே முழுசாக எடுத்துப் பார்த்தார்கள். நைவாக் என்று இன்னொரு வாக்சினியா வகையில் 18 ஜீன்களைக் குறிபார்த்து வெட்டினார்கள். நீ கைவைத்திருக்கிற ஈ3எல், எனக்குப் புரிந்த அளவில், திருட்டுக்குத் துணை போகிற ஜீன். வைரஸ் பெருகும்போது உண்டாகிற இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை செல்லின் கண்ணில் படாமல் போர்த்தி மறைக்கிறது. அதை எடுத்துவிட்டால் அகப்பட்டுக்கொள்ளும். என் மகள் இந்த இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள் என்று படித்தபோது பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லலாமே என்றிருந்தது. அளவுக்கு மீறி வெட்டினால் உடம்பு சட்டை செய்யாது, குறைத்து வெட்டினால் பழைய தொல்லை. எம்விஏ-வையே நாலு வாரம் விட்டு இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறதே.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் முழு வைரஸ் ஒன்று இருக்குமே, அம்மு. ஒப்பிட்டுப் பார்க்க அதையும் நீதானே வளர்ப்பாய்? கையுறை போடு, கண்ணாடியைக் கழற்றாதே, ஊசியைப் பயன்படுத்திய பிறகு மூடியைத் திரும்ப மாட்டப் போகாதே. எந்த ஊசி போடுகிறார்கள் என்று கேள். வெட்கப்படாமல் கேள். எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா என்பாய், எப்போதுமே அப்படித்தான், நாலு நாளாகப் போன் செய்யவும் உனக்கு நேரமில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். ஊசிக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். எப்போதாவது எக்ஸிமா, அதாவது நாம் கரப்பான் என்கிறோமே, அது இருந்ததா என்று அதில் கேட்பார்கள். நீ 'இல்லை' என்று போடுவாய், உனக்குத் தெரிந்தது அதுதான். பள்ளிப் படிவம், கல்லூரிப் படிவம், காப்பீடு என்று எல்லாவற்றிலும் நான்தான் 'இல்லை' என்று எழுதினேன். உனக்குக் கைக்குழந்தையிலேயே கரப்பான் இருந்தது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களோ என்று பயந்தேன், ஆறின பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன். எழுதிவிடுங்கள் என்று உன் அம்மா அப்போதே சொன்னாள். உன் ஒரு வயதுப் படம் ஒன்றுகூட ஏன் இல்லை என்று கேட்டாயே, கேமரா கெட்டுப்போனது என்றேன். கேமரா நன்றாகத்தான் இருந்தது.

கரப்பான் ஆறி எத்தனை வருஷமானாலும், பெருகுகிற வைரஸ் உள்ள ஊசி அப்படிப்பட்டவர்களுக்குக் கூடாது. தோல் முழுக்கப் பரவிவிடலாம், உயிருக்கே ஆபத்து. எம்விஏ மாதிரிப் பெருகாததைப் போடலாம். இதை நான் போனில் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

'ஆம்' என்று போடு. எப்போது என்று கேட்டால் ஐந்தாம் மாதத்திலிருந்து மூன்று வயது முடிகிற வரை. எங்கே என்றால் கன்னம் இரண்டும், முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம். உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன், இடது காதுக்குப் பின்னாலும் என்கிறாள்.

அப்பா